பதினான்கு வயது வரை

என் அக்கா நான்காம் வகுப்பை மூன்று முறை படித்தாள். ஒரு முறைகூட ஃபெயில் ஆனதில்லை. இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு கணக்கு எங்கோ இடிக்கிறதே என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். எல்லையோரத்து ஆட்களுக்கு மட்டும் விளக்கம் தேவைப்படாது. அவர்கள் வீட்டிலும் அப்படி ஒருத்தி இருப்பாள்.

அப்பாவுக்கு ரோஜா வேலை. குருபரப்பள்ளிக்கு உள்ளே தள்ளி எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. மழையை நம்பி ஏமாந்து ஏமாந்து, கடைசியில் அப்பா ஒரு மேஸ்திரியோடு பாலிஹவுஸ் வேலைக்குக் கிளம்பிவிட்டார். பாலிஹவுஸ் என்றால் பிளாஸ்டிக் தாள் போர்த்திய பெரிய கொட்டகை. உள்ளே வரிசை வரிசையாக ரோஜாச்செடிகள், மருந்து நெடி, புழுக்கம். ஓசூரைச் சுற்றி பாகலூர் பக்கமெல்லாம் இந்தக் கொட்டகைகள்தான். கர்நாடக எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி போனால் அங்கேயும் இதே கொட்டகை, இதே ரோஜா. எந்தத் தோட்டத்தில் ஆள் கேட்கிறார்களோ அங்கே மேஸ்திரி எங்களைக் கொண்டுபோய் இறக்குவார். சில வருடம் அந்தப் பக்கம், சில வருடம் இந்தப் பக்கம். ரோஜாவுக்கு எந்த மாநிலமாக இருந்தாலும் ஒன்றுதான். பள்ளிக்கூடம் அப்படி இல்லை.

ஊரில் நான்காம் வகுப்பை முடித்து, வேலைக்காக அலைந்ததில் ஒரு வருடம் பள்ளிக்கே போகாமலிருந்த அக்காவை முதன்முதலாகக் கர்நாடகத்துப் பள்ளிக்கு அழைத்துப்போனபோது, கன்னட எழுத்து தெரியாத பிள்ளையை ஐந்தில் உட்காரவைக்க முடியாது என்று மூன்றில் உட்காரவைத்தார்கள். அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகி, மூன்றையும் நான்கையும் கன்னடத்தில் முடித்தபோது, மேஸ்திரி எங்களைத் திரும்ப பாகலூர் பக்கம் கொண்டுவந்தார். இங்கே இருந்த ஹெட்மாஸ்டர் கன்னட டி.சி.யை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். தமிழ் மறந்திருக்கும், நான்கிலேயே இருக்கட்டும், அடித்தளம் நன்றாக அமையும் என்று சொல்லிவிட்டார். என் அக்காவுக்கு எல்லோரும் அடித்தளம் மட்டுமே போட்டார்கள். சுவர் எழுப்ப யாருக்கும் நேரம் வரவில்லை.

மற்ற பாடங்கள் அவளுக்கு எப்படியோ ஒட்டிக்கொண்டன. பெருக்கல் எந்த ஊரிலும் பெருக்கல்தான். சமூக அறிவியல்தான் ஒவ்வொரு முறையும் ‘நம் மாநிலம்’ என்று முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தது. இங்கே மரகதப்புறா, வரையாடு, செங்காந்தள். அங்கே பனங்காடை, யானை, தாமரை. இங்கே ஒரு ராஜா படையெடுத்து வென்ற ஊரில், அங்கே இன்னொரு ராஜா படையெடுத்து வென்றிருந்தார். காவிரியை இரண்டு புத்தகங்களிலும் நம் ஆறு என்றே போட்டிருந்தார்கள். அக்கா இரண்டையும் நம்பினாள். அச்சடித்த எழுத்து பொய் சொல்லாது என்பது அவளுடைய எண்ணம், அந்த எண்ணத்தை எங்களுக்குக் கொடுத்ததும் பள்ளிக்கூடம்தான்.

ஆறாம் வகுப்புக்கு வந்தபோது அவளுக்கு ஒரு சமூக அறிவியல் டீச்சர் கிடைத்தார். தர்மபுரி பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர், ஸ்கூட்டியில் வருவார். ஒரு நாள் வகுப்பில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக்காட்டை மிதித்துப்போட்ட யானைக்கூட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்ததாம். யானை கர்நாடகத்து விலங்கு என்று எழுதி மார்க் வாங்கிய என் அக்கா, அப்படியானால் அவை டி.சி. வாங்கிக்கொண்டு வந்தனவா டீச்சர் என்று கேட்டிருக்கிறாள். வகுப்பே சிரித்தது, டீச்சரும் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து புதுப் பாடம் எடுக்கும்போதெல்லாம் அக்காவைத்தான் எழுந்து நின்று படிக்கச் சொல்வார். அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பில் இருந்தேன் நான். நடுவில் ஒரு தட்டிதான். எங்கள் டீச்சர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வரும். ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி என்று அவள் நிறுத்தி நிறுத்திப் படிப்பாள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

வகுப்பிலேயே உயரம் அவள்தான். அதனால் கடைசி பெஞ்சு. கூடப் படித்த பிள்ளைகள் அவளைப் பெரியம்மா என்று கூப்பிட்டார்கள். அவள் அதற்கும் திரும்பி, என்னடா கண்ணு என்பாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். எட்டு முடித்துவிட்டால் பாகலூர் ஹைஸ்கூல். ஹைஸ்கூல் போனால் போட்டோ ஒட்டிய பஸ் பாஸ் கொடுப்பார்கள். அந்தப் பாஸைக் கண்டக்டரிடம் காட்டிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து போவதை அவள் எனக்கு எத்தனையோ முறை நடித்துக் காட்டியிருக்கிறாள்.

பொங்கல் முடிந்தால் ரோஜாத் தோட்டத்தில் யாருக்கும் நிம்மதி கிடையாது. காதலைச் சொல்ல பிப்ரவரியில் ஒரு நாளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் வெளிநாட்டில். அவர்கள் சொல்லிக்கொள்வதற்காக இங்கே ஒரு மாதம் முன்பிருந்தே அம்மாவும் அப்பாவும் நாயாய்ப் பேயாய் உழைப்பார்கள். பறித்த பூவை முள் நீக்கி, காம்பு நீளம் பார்த்துப் பிரித்து, கட்டாகக் கட்டி, அட்டை சுற்ற வேண்டும். அந்த வேலைக்குப் பெண்பிள்ளைகளைத்தான் தேடுவார்கள். விரல் சின்னதாக இருந்தால் இதழ் கசங்காதாம். மேஸ்திரி ஒவ்வொரு சீசனிலும் பெரியவளை ஷெட்டுக்கு அனுப்பேன் என்று அப்பாவிடம் கேட்பார். கேட்டுவிட்டு அவரே பின்வாங்கியும் விடுவார். சின்னப் பிள்ளைகளை வைத்து வேலை வாங்கினால் கேஸ் ஆகும், ஆபீசர்கள் வந்து பெயர் எழுதிக்கொண்டு போவார்கள் என்ற பயம் அவருக்கு உண்டு. அந்தப் பயம்தான் இத்தனை வருடம் என் அக்காவைப் படிக்க வைத்தது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

அந்த வருடம் ஆள் பற்றாக்குறை ரொம்ப அதிகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மேஸ்திரி எங்கள் வரிசை வீட்டுக்கே வந்து, வாசலில் பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. எனக்குக் காய்ச்சல் வந்தபோது பைக்கில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓசூருக்கு ஓடியவர் அவர்தான். ஒரு மாதம், சீசன் மட்டும் வரட்டும் என்றார். அப்பா தலையைச் சொறிந்தார். அப்பா தலையைச் சொறிந்தால் பாதி சம்மதம். அம்மா மட்டும், அதெல்லாம் வேண்டாம் அண்ணா, இவளாவது நிழலில் உட்கார்ந்து படிக்கட்டும் என்று சொல்லிவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

அக்கா உள்ளே போனாள். சமூக அறிவியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

குடிமையியலில் அந்த வாரம்தான் குழந்தைகளின் உரிமைகள் பற்றிய பாடம் நடந்திருந்தது. டீச்சர் வழக்கம்போல அவளைத்தான் படிக்கச் சொல்லியிருந்தார். பள்ளியில் நிற்பது போலவே நேராக நின்று, புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டு வாசலில் அவள் அந்தப் பாடத்தைப் படித்தாள். கல்வி பெறுவது குழந்தைகளின் உரிமை, அதை யாரும் மறுக்கக் கூடாது, ஆறு முதல் பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாய இலவசக் கல்வி. கட்டாயம் என்ற இடத்தில் குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள். அடுத்தடுத்த அறைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் கைதட்டலாம் போல இருந்தது. பிள்ளை என்ன அழகாகப் படிக்கிறது என்று மேஸ்திரியே சொன்னார். மனதாரத்தான் சொன்னார்.

பிறகு கேட்டார்.

“அந்த வரிய இன்னொரு வாட்டி படிம்மா.”

அக்கா இன்னொரு முறை படித்தாள். உனக்கு என்ன வயது என்று கேட்டார். அக்காவுக்குத் தன் பிறந்த தேதி மனப்பாடம். தேதி, மாதம், வருடம் மூன்றையும் பள்ளியில் ஒப்பிப்பது போலச் சொன்னாள். மேஸ்திரி விரலை மடக்கினார்.

“போன ஜூன்லயே பதினாலு முடிஞ்சிருச்சேம்மா.”

அம்மா அரிசிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஜூன் மாதத்தில்தான் பிறந்தோம். பள்ளி திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பதற்காக, சேர்க்க வருகிற பிள்ளைக்கெல்லாம் வாத்தியாரே ஜூனில் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். ஒன்றாம் வகுப்பில் ஆள் குறைந்தால், காட்டு வேலைக்குப் போகும் அம்மாக்களின் இடுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஐந்து வயது ஆகிவிடும். பெற்றவர்களும் மறுப்பதில்லை. மதியச் சாப்பாடும் கிடைக்கும், பிள்ளையும் பத்திரமாக இருக்கும். யாருக்கும் இதில் நஷ்டம் இருப்பதாகத் தெரிந்ததில்லை.

“இவ ராகி அறுப்புல பொறந்தவண்ணா. ஸ்கூலுக்கு ஆளு பத்தலன்னு வாத்தியாரு கூட்டிப் போட்டுக்கினாரு. இவளுக்கு இன்னும் பதிமூணே முழுசா ஆவல.”

மேஸ்திரி தயங்கினார். அந்தத் தயக்கம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. பக்கெட்டிலிருந்து பாதி எழுந்துவிட்டார் மனிதர். அப்போது அக்கா அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, தெரியாதவர்களுக்குச் சொல்லித்தருகிற மாதிரிதான் சொன்னாள்.

“உனக்குத் தெரியாதும்மா. பள்ளிக்கூடத்துல இருக்கறதுதான் சரி.”

அம்மா திரும்பிப் போய் அரிசிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். கைநாட்டு வைக்கிறவள் அவள். சொன்னது படித்த மகள், அதுவும் இத்தனை பேர் முன்னால்.

மேஸ்திரிக்குப் பெரிய பாரம் இறங்கியது போல ஆகிவிட்டது.

“புள்ள சொல்றதுதான் சட்டம். பதினாலு வரைக்கும்தான் கட்டாயமாம். அதுக்கு மேல கவர்மெண்ட்டே கேக்காது. நான்தான் இது தெரியாம இத்தினி நாளா பயந்துக்கினு கெடந்தேன்.”

அக்கா அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அங்கே கோடிட்ட இடங்களை நிரப்புக என்று இருந்தது. அதற்கு அடுத்த பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள். தன்னைப் பற்றி இன்னும் ஒரு வரி எங்காவது இருக்கும் என்று தேடினாள் போல. வேறு பாடம் ஆரம்பித்திருந்தது. அவள் என்ன தேடுகிறாள் என்று நானும் எட்டிப் பார்த்தேன். படம் ஏதாவது இருக்கிறதோ என்றுதான் பார்த்தேன்.

திங்கட்கிழமை அவள் ஷெட்டுக்குப் போனாள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை, உண்மையைச் சொன்னால் பொறாமைதான். அவளுக்கு நீல ஏப்ரனும் கையுறையும் கொடுத்தார்கள். கழுத்து ஒடிந்த ரோஜாக்களை மடியில் கட்டிக்கொண்டு வருவாள். நான் அவற்றை எடுத்துப்போய் வகுப்பில் எல்லோருக்கும் கொடுத்துப் பெரிய மனுஷி போலத் திரிந்தேன். தட்டிக்கு அந்தப் பக்கம் வேறு யாரோ திக்கித் திக்கிப் பாடம் படித்தார்கள்.

இரண்டாவது வாரம் டீச்சர் தோட்டத்துக்கே வந்துவிட்டார். வெளியாட்களை உள்ளே விட்டால் செடிக்கு நோய் வரும் என்று வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்தினான். அப்பாவை அங்கே கூப்பிட்டுவிட்டார்கள். டீச்சர் நிறையப் பேசினார். கட்டாயம் என்பது அரசாங்கத்துக்குச் சொன்னது, பதினான்கோடு படிப்பு முடிந்துவிட வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை, வயதுப்படி பார்த்தால் இவள் ஆறில் இருக்க வேண்டியவளே இல்லை, மேல் வகுப்பில் சேர்க்கத் தானே எழுதிக்கொடுப்பதாகச் சொன்னார். அப்பா கைகட்டி நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சீசன் முடிந்ததும் அனுப்புவதாகச் சொன்னார். படித்தவர்கள் எதிரில் அப்பாவுக்கு இல்லை என்று சொல்ல வராது. டீச்சருக்கு அது சம்மதமாகத் தெரிந்திருக்கும்.

அக்கா வெளியே வரவில்லை. ஷெட்டின் தாளில் ஒரு கிழிசல் இருந்தது, அதன் வழியாக ஸ்கூட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போய்ப் பேசு அக்கா என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். கட்டைப் பாதியில் விட்டால் பூ வாடிவிடும் என்றாள். அவள் கையில் அப்போது கட்டு எதுவும் இல்லை. கையுறையைத் தாண்டி முள் ஏறி, விரல்களெல்லாம் வீங்கிக் கிடந்தன.

சீசன் முடிந்தது. அடுத்த வாரமே மேஸ்திரி எங்களை டெம்போவில் ஏற்றி எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார். நான் பரீட்சைகூட எழுதவில்லை. எனக்கும் டி.சி. வாங்க யாருக்கும் நேரமில்லை. புதுத் தோட்டத்தில் அக்காவை யாரும் எதுவும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. மற்ற பெண்களோடு ஷெட்டுக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள். பாடப் புத்தகங்களை அம்மா பரணில் போட்டபோது அவள் வாசலில் ஏப்ரனைத் துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் அழுதிருந்தால் வீட்டில் எல்லோருக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். அந்த ஆறுதலை அவள் எங்களுக்குத் தரவே இல்லை.

பள்ளி திறந்ததும் என்னைச் சேர்க்க அவள்தான் அரை நாள் விடுப்பு கேட்டு அழைத்துப்போனாள். அம்மாவுக்குக் கன்னடம் வராது, அப்பாவுக்குப் பயம். டி.சி. இல்லாததால் ஹெட்மாஸ்டர் வாயாலேயே விவரம் கேட்டு எழுதிக்கொண்டார். அக்கா நல்ல கன்னடத்தில் மளமளவென்று பதில் சொன்னாள். பிறந்த தேதியைக் கேட்டார். அக்கா ஒரு நிமிடம் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு ஒரு தேதியைச் சொன்னாள். எண்கள் மட்டும் எனக்குக் கன்னடத்தில் ஞாபகம் இருந்தன. வருடம் தப்பு. என்னை இரண்டு வயது குறைத்துச் சொல்லியிருந்தாள்.

அது என் தேதி இல்லை அக்கா என்று தமிழில் சொல்லி அவள் துப்பட்டாவை இழுத்தேன். அவள் என் கையை நறுக்கென்று கிள்ளினாள். ஹெட்மாஸ்டர் என் உயரத்தைச் சந்தேகமாகப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் உயரம்தான் சார் என்று அக்கா சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே எழுதினார்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் அழுதேன். பள்ளிக்கூடத்தில் போய்ப் பொய் சொல்கிறாயே, நீதானே அம்மாவிடம் அப்படிச் சொன்னாய் என்று ரோட்டில் நின்று கத்தினேன். லாரிகள் எங்களை உரசிக்கொண்டு போயின. அவள் என்னை ஓரமாக இழுத்து நிறுத்தினாள்.

“இனிமே இதான் உன் தேதி. யாரு கேட்டாலும் இதையே சொல்லு. அம்மா கேட்டாலும்.”

சொல்லிவிட்டு, என்னை வீட்டில் விட்டால் போதும் என்பது போல வேகமாக நடந்தாள். அரை நாள் விடுப்பு முடிந்துகொண்டிருந்தது.

எனக்கு உண்மையிலேயே பதினான்கு ஆனபோது மேஸ்திரி அப்பாவிடம் வந்து கேட்கத்தான் செய்தார். பள்ளியில் எழுதியிருந்த தேதியைக் கேட்டு விரலை மடக்கிப் பார்த்தார், போய்விட்டார். மறுவருடமும் வந்தார், போனார். அதற்குள் நான் எட்டாம் வகுப்பை முடித்து ஓசூரில் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டேன். இப்போது ஒரு கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிறேன். அங்கே என் வயது அக்கா சொன்ன வயதுதான். அக்கா சூளகிரிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, அங்கே புதிதாக வந்த தொழிற்பேட்டையில் கான்ட்ராக்டில் தரை துடைக்கிறாள். உற்பத்தி லைன் வேலைக்குக் குறைந்தது எட்டாவது பாஸ் கேட்கிறார்கள். அவளால் நீட்ட முடிந்தது ஐந்தாம் வகுப்புதான். யாராவது வயது கேட்டால் தேதி, மாதம், வருடம் என்று இப்போதெல்லாம் அவள் ஒப்பிப்பதில்லை. ஆகிவிட்டது என்று மட்டும் சொல்கிறாள்.

பள்ளியில் சேர்ந்த அந்த நாளில் இது எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், அக்கா கெட்டவளாகிவிட்டாள், ஷெட்டுக்குப் போய்ப் பொய் பேசக் கற்றுக்கொண்டாள், என் இரண்டு வயதைத் திருடிவிட்டாள் என்பதுதான். சாயங்காலம் அவள் முள் குத்திய கையோடு ஊட்டவந்த சோற்றைத் தட்டிவிட்டேன். நாளைக்கே ஹெட்மாஸ்டரிடம் போய் உண்மையான தேதியைச் சொல்லி, பொய்யை அழிக்கவைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். மறுநாள் காலையில் அவர் அறை வாசலில் போய் நிற்கவும் செய்தேன். என்ன வேண்டும் என்று அவர் கேட்டார். பாகலூர் பக்கம் இருந்த மூன்று வருடத்தில் எனக்குக் கன்னடம் மறந்துபோயிருந்தது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வகுப்புக்குப் போய்விட்டேன்.